மாட்லி க்ரூவின் முதல் ஆல்பம்: லெதர் அச்சை ஏமாறாமல் வாங்குவது எப்படி

அமெரிக்க கிளாம் மெட்டல் இசைக்குழுவான மாட்லி க்ரூவின் முதல் ஆல்பம் ‘டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்’, அவர்களே தொடங்கிய லெதர் ரெக்கார்ட்ஸ் பெயரில் முதலில் வெளியான அந்த வடிவத்திலேயே என்னிடம் இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். சரியான வினைல் ரெக்கார்டுத் தட்டு கைக்கு வர எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. நடுவில் ஒரு முறை வேறு தட்டு வந்தது, ஒரு முறை உடைந்த தட்டு வந்தது, ஒரு முறை பணம் திரும்பக் கிடைக்க ஏழு வாரம் காத்திருந்தேன். கிளாம் மெட்டல் கேட்க ஆரம்பித்து, இப்போது ரெக்கார்டு சேர்க்கலாம் என்று நினைக்கிற நம்மாட்களில் இரண்டு பேர் போன மாதம் இதையே என்னிடம் கேட்டார்கள், அவர்களுக்குப் போனில் சொன்னதை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் இருப்பது லாஸ் ஏஞ்சலஸில். அதனால் இதில் வரும் வரி, தபால், கால அளவு எல்லாம் அமெரிக்காவுக்குள் வாங்குபவர்களுக்கானவை. வேறு நாட்டுக்கு வரவழைப்பதாக இருந்தால் உங்கள் ஊர் சுங்கவரியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்தத் தட்டு வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த ஆல்பத்துக்கு இரண்டு முகம் உண்டு. 1981 நவம்பரில் லெதர் ரெக்கார்ட்ஸில் வந்தது ஒன்று. அதன் முதல் அச்சு வெறும் 900 தட்டு. அடுத்த வருடம் எலெக்ட்ரா நிறுவனம் இவர்களை ஒப்பந்தம் செய்து, தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கரை வைத்து மறுபடி மிக்ஸ் செய்து (அதாவது, பதிவான ஒலிகளை மறுபடி கலந்து சமன்செய்து), சில பகுதிகளைத் திரும்பப் பதிவுசெய்து, ஒரு பாட்டை எடுத்துவிட்டு 1982 ஆகஸ்டில் வெளியிட்டது. நீங்கள் இன்று ஸ்ட்ரீமிங்கில் வழக்கமாகக் கேட்பது இந்த இரண்டாவது வடிவம்.

உங்களுக்குப் பாட்டு மட்டும் போதும் என்றால் எலெக்ட்ரா தட்டையே வாங்குங்கள். பழைய ரெக்கார்டு கடைகளில் அது சாதாரணமாகக் கிடைக்கிறது, விலையும் கைக்கு அடக்கம்.

லெதர் மிக்ஸைக் கேட்க வேண்டும், தட்டாக இருக்க வேண்டியதில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2003இல் வந்த ‘மியூசிக் டு கிராஷ் யுவர் கார் டு’ முதல் தொகுதி என்ற சிடி பெட்டியில் அந்தப் பழைய மிக்ஸ் முழுதாக இருக்கிறது. பழைய சிடி விற்கும் இடங்களில் தேடினால் கிடைக்கும். உண்மையில் நான் இதைத்தான் முதலில் வாங்கியிருக்க வேண்டும். லெதர் மிக்ஸ் இன்னும் முரடாக, மெருகேறாமல், சின்ன அறையில் நாலு பேர் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது. பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளாமல் பெரிய தொகையைச் செலவு செய்ய வேண்டாம்.

இரண்டும் போதாது, லெதர் தட்டேதான் வேண்டும் என்பவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

2. அடையாளங்களை மனப்பாடம் செய்யுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், நானும் இங்கேதான் ஏமாந்தேன். நான் முதலில் வாங்கிய தட்டின் விளம்பரத்தில் ‘1981 ஒரிஜினல்’ என்று போட்டிருந்தது, வந்தது எலெக்ட்ரா தட்டு. விற்றவரைக் கேட்டால், ஆல்பம் 1981இல் வந்ததுதானே என்கிறார். ஆல்பம் வந்த வருடமும் உங்கள் கையில் இருக்கிற தட்டு அச்சான வருடமும் வேறு வேறு. விளம்பரத்தில் இருக்கிற வருடத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அட்டையில் இருந்து தொடங்குங்கள். இரண்டு வடிவத்திலும் முன்னட்டையில் லெதர் பேன்ட் போட்ட இடுப்புப் படம்தான் இருக்கும், அது குழுவின் பாடகர் வின்ஸ் நீலுடையது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எழுத்தின் நிறத்தைப் பாருங்கள். முதல் 900 தட்டின் முன்னட்டையில் எழுத்து வெள்ளை. எலெக்ட்ராவில் சிவப்பு. ஆனால் சிவப்பு என்றாலே எலெக்ட்ரா என்று தள்ளிவிடவும் முடியாது, லெதரிலேயே பின்னால் வந்த அச்சுகளில் சிவப்பு எழுத்து உண்டு. எனவே வெள்ளையா என்று பார்ப்பது முதல் அச்சைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும்.

அடுத்தது எண். லெதர் தட்டின் எண் எல்.ஆர். 123. எலெக்ட்ராவின் எண்ணில் 60174 வரும். அட்டையில் ஒரு எண்ணும் தட்டின் நடு லேபிளில் வேறு எண்ணும் இருந்தால் யாரோ அட்டையையும் தட்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நாற்பது வருடத்துக்கு மேல் பழைய பொருள், நாலைந்து வீடு மாறி வந்திருக்கும், வேண்டுமென்றே செய்யாமலும் இப்படி நடக்கும்.

இப்போது நான் சொல்வது எனக்கு மிகவும் பயன்பட்ட வழி. இரண்டாம் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எத்தனை பாட்டு என்று எண்ணுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பளபளப்பான மெல்லிய கோடு தெரியும் அல்லவா, அதை வைத்து எண்ணிவிடலாம். லெதர் தட்டில் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து, மொத்தம் பத்து. எலெக்ட்ராவில் முதல் பக்கம் ஐந்து, இரண்டாம் பக்கம் நாலு. எலெக்ட்ரா எடுத்துவிட்ட ‘ஸ்டிக் டு யுவர் கன்ஸ்’ லெதர் தட்டின் இரண்டாம் பக்கத்தில், ‘ஸ்டாரி ஐஸ்’ முடிந்ததும் வரும். பாட்டுகளின் வரிசையும் மாறியிருக்கிறது: ‘லைவ் வயர்’ முடிந்ததும் ‘பப்ளிக் எனிமி நம்பர் ஒன்’ வந்தால் லெதர், ‘கம் ஆன் அண்ட் டான்ஸ்’ வந்தால் எலெக்ட்ரா.

கடையில் போட்டுக் காட்டச் சொல்ல முடிந்தால் ஆல்பத்தின் பெயரிலேயே இருக்கிற பாட்டை வைக்கச் சொல்லுங்கள். லெதர் தட்டில் அது மெதுவான தனித் தொடக்கத்தோடு வரும். எலெக்ட்ராவில் அந்தத் தொடக்கம் கிடையாது. பத்து நொடியில் தெரிந்துவிடும்.

கடைசியாகப் போலி. தேடப்படுகிற தட்டு எதுவானாலும் போலி வரத்தான் செய்யும். பழைய அட்டையை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டால் படம் சற்று மங்கி, சின்ன எழுத்துகளின் ஓரம் பிசிறடித்திருக்கும். தட்டில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் ஒரு வழுவழுப்பான வளையம் வரும், அதில் கையால் கீறியது போல் எழுத்தும் எண்ணும் இருக்கும். ரெக்கார்டு விவரங்களைப் பதிந்து, வாங்கி விற்கவும் உதவுகிற டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது, அந்தக் கீறல் எழுத்து அங்கே பதிவாகியிருக்கும். ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். ‘கிட்டத்தட்ட ஒன்றுதான்’ என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம்.

3. விலையை விற்ற கணக்கில் பாருங்கள், கேட்கிற கணக்கில் அல்ல

ஒருவர் ஆயிரம் டாலர் என்று போட்டிருப்பதால் அது ஆயிரம் டாலர் பொருள் ஆகிவிடாது. டிஸ்காக்ஸில் அந்த அச்சின் பக்கத்துக்குப் போனால் இதுவரை விற்றதில் குறைந்த விலை, நடு விலை, அதிக விலை, கடைசியாக விற்ற தேதி எல்லாம் இருக்கும். ஈபேயில் ‘விற்றவை’ மட்டும் காட்டு என்று வடிகட்டினால் சுமார் மூன்று மாதத்துக்கான விற்பனை தெரியும். இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பேரம் பேசுங்கள்.

நிலையைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். விற்பவர்கள் எழுதுகிற ‘என்எம்’ என்றால் ஏறக்குறைய புதுசு, ‘விஜி ப்ளஸ்’ என்றால் லேசான கீறல் இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கும், வெறும் ‘விஜி’ என்றால் பாட்டுக்கு நடுவே சடசடப்பு நிச்சயம், ‘ஜி’ என்றால் நல்லது என்று பெயர் இருந்தாலும் நல்லதில்லை. அட்டைக்கும் தட்டுக்கும் தனித்தனி மதிப்பெண் போடுவார்கள், தட்டின் மதிப்பெண்ணைத்தான் முதலில் பாருங்கள்.

நான் கடைசியில் எடுத்தது சிவப்பு எழுத்து லெதர் அச்சு, விஜி ப்ளஸ். தட்டு 175 டாலர், விற்பனை வரி 17, தபாலும் காப்பீடும் 14, ஆக 206 டாலர். வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் இதைவிட நிறையத் தயாராக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள் விற்பனை வரி 9.75%, இணையச் சந்தைகள் அதைத் தாங்களாகவே சேர்த்துவிடும். பட்ஜெட் போடும்போது வரியை மறந்துவிட்டு, கடைசித் திரையில் தொகையைப் பார்த்துப் பின்வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

4. எங்கே தேடுவது

ஈபே, டிஸ்காக்ஸ் இரண்டிலும் தேடலைச் சேமித்து, புதிதாக வந்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லி வையுங்கள். நல்ல விலைக்கு வருவது அன்றைக்கே போய்விடுகிறது.

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் அதற்கு ஈடே இல்லை. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு, ஹாலிவுட்டில் அமீபா ரெக்கார்டு கடை இருக்கிறது, அப்புறம் மாதத்தின் முதல் ஞாயிறு பாசடீனா சிட்டி காலேஜ் வளாகச் சந்தை, இரண்டாம் ஞாயிறு ரோஸ் போல் சந்தை. அதிகாலையில் போங்கள். இந்த இசைக்குழு இந்த ஊரின் சன்செட் ஸ்ட்ரிப் தெருக் கிளப்புகளில் வாசித்து வளர்ந்தது, முதல் 900 தட்டும் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆட்களிடம்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு, அதனால் இங்கே பழைய வீட்டுப் பெட்டிகளிலிருந்து திடீரென்று ஒன்று வெளிவர வாய்ப்பு இருக்கிறது. சந்தைக்குப் போகும்போது சின்ன டார்ச், போனில் அந்தக் கீறல் எழுத்தின் படம், ரொக்கம், மூன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் ரசீது கேட்டால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி, தொகை, ‘லெதர் எல்.ஆர். 123’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

5. பணம் கட்டும் முன் ஆறு படம் கேளுங்கள்

விளம்பரத்தில் இருக்கிற படம் போதாது, சில சமயம் அது வேறு எங்கிருந்தோ எடுத்ததாக இருக்கும். முன்னட்டை, பின்னட்டை, முதல் பக்க லேபிள், இரண்டாம் பக்க லேபிள், இரண்டு பக்கத்தின் கீறல் எழுத்து, ஆக ஆறு. உள்ளே பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் இருந்தால் அதன் படமும் கேளுங்கள். ஒரு படத்திலாவது இன்றைய தேதி எழுதிய காகிதத்தைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், பொருள் அவர் கையில் உண்மையிலேயே இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

உண்மையான விற்பவர் ஒரு நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் அனுப்பிவிடுவார். ‘இன்னொருவர் இப்போதே வாங்கத் தயாராக இருக்கிறார், உடனே சொல்லுங்கள்’ என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். நான் விடவில்லை, ஏழு வாரம் பணத்துக்கு அலைந்தது அந்த ஆளிடம்தான்.

இன்னொன்று: எல்லாக் கேள்வியும் பதிலும் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே நடக்கட்டும். வாட்ஸப்புக்கு வாருங்கள், கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால் போகாதீர்கள். தகராறு வந்தால் தளத்துக்கு உள்ளே இருக்கிற பேச்சுதான் கணக்கில் வரும்.

6. பணம் கட்டுவது

கிரெடிட் கார்டு, அல்லது பேபாலில் ‘பொருள் வாங்குவதற்கு’ என்கிற வகை. பேபாலில் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் அனுப்புகிற வகையில் அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லி அதைக் கேட்பார்கள், தெரியாதவரிடம் ஒருபோதும் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சில டாலர் கட்டணத்தை நீங்களே தருவதாகச் சொல்லிவிடுங்கள், அதுவே மேல்.

பணம் கட்டிய அதே நிமிடம் விளம்பரப் பக்கம் முழுவதையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். விற்ற பிறகு விவரணை மாறலாம், பக்கமே மறைந்துபோகலாம்.

7. தபால்: இதை விற்பவர் விருப்பத்துக்கு விடாதீர்கள்

என் உடைந்த தட்டின் கதை இதுதான். தட்டு அட்டைக்குள்ளேயே இருந்தபடி, மெல்லிய உறையில், காப்பீடு இல்லாமல் வந்தது. அட்டையின் மேல் ஓரம் கிழிந்து, தட்டில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அது சரியான லெதர் அச்சு. இன்றைக்கும் அந்த அட்டையைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

கட்டும் முறையை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் தனியாக வைக்க வேண்டும். உள்ளேயே இருந்தால் பெட்டி ஆடும் ஆட்டத்தில் தட்டின் விளிம்பு அட்டையின் ஒட்டிய ஓரத்தை அறுத்துவிடும். இரண்டு பக்கமும் விறைப்பான அட்டைப் பலகை, அதை ரெக்கார்டுக்கென்றே செய்த பெட்டியில் போட்டு, முடிந்தால் அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள்.

அமெரிக்கத் தபாலில் மீடியா மெயில் என்று ஒன்று உண்டு, புத்தகத்துக்கும் ஒலித்தட்டுக்கும் மலிவான வகை. விற்பவர்கள் தானாகவே அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அது மெதுவாக வரும், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதில் காப்பீடு தானாகச் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். அதே தபாலின் மற்ற வகைகளான கிரவுண்ட் அட்வான்டேஜ், பிரயாரிட்டி மெயில் இரண்டிலும் 100 டாலர் வரை காப்பீடு உள்ளேயே இருக்கிறது. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு மீதித் தொகைக்கும் காப்பீடு எடுக்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்த வெள்ளை எழுத்துத் தட்டு என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும் வசதியையும் சேர்க்கச் சொல்லுங்கள், அடுக்குமாடியில் வாசலில் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

கோடையில் வாங்குகிறீர்களா? வரும் நாளில் வீட்டில் யாராவது இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் பெட்டி நாள் முழுக்கக் கிடந்தால் தட்டு வளைந்துவிடும்.

8. பெட்டி வந்த அன்றைக்கே

பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஒட்டுநாடாவை வெட்டும் முன்பிருந்தே, முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக. அடுத்து அடையாளங்கள்: எண், இரண்டாம் பக்கத்தில் ஐந்து பாட்டு, கீறல் எழுத்து. பிறகு தட்டைச் சுத்தம் செய்து இரண்டு பக்கத்தையும் முழுதாகக் கேளுங்கள். எங்கே ஊசி குதிக்கிறது, எந்தப் பாட்டில் என்று குறித்து வையுங்கள். பார்க்கப் பளபளப்பாக இருந்து, கேட்டால் கடைசிப் பாட்டான ‘ஆன் வித் த ஷோ’ முழுக்க இரைச்சலாக இருக்கிற தட்டுகள் உண்டு. வார இறுதியில் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், நாள் அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்.

பெட்டியையும் உள்ளே இருந்த அட்டைத் துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். காப்பீட்டுக்குப் போனால் தபால்காரர்கள் பார்க்கக் கேட்பது அதைத்தான்.

9. தவறு நடந்தால் எத்தனை நாள்

முதலில் விற்பவருக்கு மரியாதையாக, படங்களோடு எழுதுங்கள். பாதிப் பேர் அதிலேயே சரிசெய்துவிடுகிறார்கள். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள்.

ஈபேயில், விவரித்ததுபோல் இல்லை என்று முறையிட, வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். நீங்கள் முறையிட்ட பிறகு விற்பவர் பதில் சொல்ல மூன்று வேலை நாள், அதற்கு மேலும் பதில் இல்லை என்றால் ஈபேயையே தலையிடச் சொல்லலாம். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள். அமெரிக்கத் தபால் காப்பீட்டில், சேதம் என்றால் உடனே விண்ணப்பிக்கலாம், அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் முடித்தாக வேண்டும். பிரயாரிட்டியிலோ கிரவுண்ட் அட்வான்டேஜிலோ வந்தது தொலைந்துபோனால் 15 நாள் கழிந்த பிறகே விண்ணப்பத்தை ஏற்பார்கள், அதற்கும் கடைசி நாள் 60தான்.

விண்ணப்பத்துக்கு வேண்டியவை: கண்காணிப்பு எண், காப்பீடு எடுத்ததற்கான ரசீது, நீங்கள் பணம் கட்டிய ரசீது, சேதத்தின் படங்கள். தபால் ரசீது விற்பவரிடம்தான் இருக்கும், அனுப்பிய அன்றைக்கே அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் கிடைக்காது, எனக்குக் கிடைக்கவில்லை.

எல்லாம் சரியாக முடிந்தால், விளம்பரத்தின் பிடிஎஃப், ரசீது, ஆறு படம், பிரித்த வீடியோ நான்கையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். வாடகை வீட்டுக் காப்பீட்டில் இந்தத் தட்டைச் சேர்க்கவும், பின்னால் விற்கவும் அதையேதான் கேட்பார்கள். தட்டுக்குப் புது உள்ளுறை வாங்கிப் போடுங்கள், பழைய உள்ளுறை கிழிந்திருந்தாலும் எறியாமல் அட்டைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள், வாங்குபவர்கள் அதையும் தேடுவார்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி, சுவரில் வெயில் விழாத பக்கமாக வையுங்கள்.